இன்னொரு பக்கம் பிடித்தவர்கள்

அடுப்பை அணைத்துவிட்டு அவள் அறைக்குள் வந்தபோது கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இரவு பத்து மணிக்கு அவள்தான் அவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போனாள். விபத்தில் கழுத்து முறிந்ததிலிருந்து, பதினான்கு மாதமாக, அவரால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் யாராவது திருப்ப வேண்டும். அந்த யாராவது என்பது அவள் ஒருத்திதான்.

முதுகுக்குப் பின்னால் தலையணை அணைகொடுத்திருந்தது. முழங்கால்களுக்கு நடுவிலும் ஒன்று. விரிப்பில் சுருக்கமே இல்லை. அவள் செய்வதைவிடச் சுத்தமாக இருந்தது.

"யாருங்க உங்களைத் திருப்பினது?"

"என்ன கேள்வி இது? நீயும் இன்னொருத்தரும்தானே? வலிக்கவே இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க கை மட்டும் ரொம்ப சில்லுனு இருந்துச்சு" என்றார்.

அந்த மாடிவீட்டின் வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பின்கதவும் அப்படியே. வீட்டில் ஈரத்துணி வாடையும் மருந்து நெடியும் தவிர வேறெதுவும் இல்லை.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் போன தடவைகூடத் திட்டினாள். "தனியாத் தூக்காதீங்கக்கா. உங்க இடுப்பு போனா அவரை யாரு பார்ப்பா? ரெண்டு பேர் பிடிக்கணும்."

"ரெண்டாவது ஆளுக்கு எங்கம்மா போவேன்? சுவரையா கூப்பிடுறது?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்தான். அன்று மாலையே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அவர் கைநழுவி, முழு எடையும் அவள்மேல் சாய்ந்தது. இடுப்பில் ஏதோ சுளீரென்று அறுந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து குனிந்தால் நிமிர முடிவதில்லை.

பன்னிரண்டு மணி. திருப்ப வேண்டிய நேரம். அறை வாசலில் நின்றாள். உள்ளே போக முடியவில்லை. பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு தடவை. இந்த ஒரு தடவை அவர்களே செய்யட்டும்.

கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பி இறங்கும் 'டக்' சத்தம் கேட்டது, விரிப்பு மெல்ல உரசியது, இரண்டு பேர் சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாதக்கணக்கில் வராத தூக்கம் அடித்துப்போட்டது.

"ஏய்... எங்க இருக்க? இங்க வா!"

மணி மூன்று. குரல் அறையிலிருந்து வரவில்லை. வாசலுக்கு வெளியே, கீழே இறங்கும் மாடிப்படியிலிருந்து வந்தது.

எழுந்தாள். இடுப்பு மடங்கிக் கீழே தள்ளியது. தவழ்ந்தாள். கட்டில் காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்தது.

"விடாதே! என்னை விட்டுடாதே!"

"வந்துட்டேங்க! இதோ வந்துட்டேன்!"

படியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கை எட்டாது. நாலே படி தூரம்தான்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவசரமே இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொடி நின்று, எடையைச் சரிசெய்து, பிறகு அடுத்த படி. பக்கத்தில் யாருமே இல்லை. அவருடைய பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. செத்துப்போயிருந்த இரண்டு கைகளும் இருபக்கமும் உயர்ந்து, இரண்டு வெற்றிடங்களின் தோள்களை வளைத்துப் பிடித்திருந்தன. விரல்கள் மடங்கியிருந்தன. பிடியின் இறுக்கத்தில் நகங்கள் வெளுத்திருந்தன.

தலை மட்டும்தான் அவருடையதாக இருந்தது. அதை முடிந்தமட்டும் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு, வாய் திறந்தபடி, அவர் படி படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.