அவன் மேல் செல்லாத வாக்குமூலம்

மாடிப்படியின் கடைசிப் படியில் போட்டோகிராபரின் மனைவி கிடந்தாள். மண்டை பிளந்திருந்தது. மூச்சு இல்லை.

தள்ளிவிட்டது போட்டோகிராபர். ரத்தத்தைத் துடைத்தது எதிர்க்கடைத் தையல்காரி.

ஏன் துடைத்தாள்? காதல்... பாழாய்ப்போன காதல்!

பிடிபட்ட அன்றே போலீஸில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் தள்ளியதைக் கண்ணால் பார்த்தேன், நான் ரத்தத்தைத் துடைத்தது மட்டும்தான் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாள்.

அப்புறம் ஜெயில் வேனில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கோர்ட்டுல நீ வாயத் திறக்காத, அது போதும். வெளிய வந்ததும் முதல் வேலை நம்ம கல்யாணம்தான்."

உருகிப்போனாள். இருவரையும் சேர்த்து நிறுத்தி நடந்த விசாரணையில், சாட்சிக் கூண்டில் ஏறவே மாட்டேன் என்று சாதித்துவிட்டாள்.

ஆனால் போலீஸில் சொன்னது இருந்ததே! அதை இரண்டு பேருக்கும் எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஜூரிகளிடம் சொல்லிவிட்டார் நீதிபதி.

மகா தப்பு. ஒருத்தி போலீஸில் சொன்னது அவளைத்தான் கட்டும். கூட நிற்கிறவனைக் கட்டாது.

ஜூரிகள் பாவம், என்னத்தைக் கண்டார்கள்? அவனுக்கு ஆயுள். தடயத்தை மறைத்ததற்கு அவளுக்கு ஏழு வருஷம்.

அந்தத் தப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்பீலுக்கு வந்தாள், அவனுடைய புது வக்கீல்.

முப்பது வயசுகூட இருக்காது. கூண்டருகே வந்து அவன் காதோடு ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான்.

தானும் அப்பீல் போட்டு அதே கூண்டில் நின்ற தையல்காரி அதைப் பார்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா? பொத்தான் பிய்ந்துவிட்டது என்று கடை வாசலில் வந்து நின்று சிரித்தானே, அதே சிரிப்பு!

"யாருங்க அது, இப்படி ஒட்டிக்கிட்டு நிக்குறா?"

"வக்கீல்டி. கேஸு பேசுறோம்."

"கேஸு பேசுறதுக்கு எதுக்கு அவ காலர நீங்க சரி பண்றீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வக்கீலம்மா வாதாட எழுந்தாள். பொறாமை பிடித்த தையல்காரி ஒருத்தி உளறியதை என் கட்சிக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாள். மறு விசாரணை வேண்டும், அதுவும் தனியாக வேண்டும், இந்தப் பெண் பக்கத்தில் நின்றாலே அவருக்குக் கெட்ட பேர் என்றாள்.

அதற்கும் அவன் தலையாட்டினான்!

தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மதியமே தீர்ப்பு. ஜூரிகளை நீதிபதி தவறாக வழிநடத்திவிட்டார்... அவன் தண்டனை ரத்து. தனியாக மறு விசாரணை. அதுவரை ஜாமீன். தையல்காரியின் அப்பீல் தள்ளுபடி.

அவன் கூண்டைவிட்டு இறங்கினான். வக்கீலம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணம்னு சொன்னீங்களே?" குரல் உடைந்து கேட்டாள் தையல்காரி.

"முதல்ல உன் ஏழு வருஷத்த முடி. அப்புறம் பாக்கலாம்."

ஜோடியாக நடந்தார்கள்.

அரசு வக்கீல் கேஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாக்குமூலத்தை விட்டால் அவரிடம் வேறு சாட்சியே கிடையாது.

"சார்... நான் போலீஸ்ல சொன்னதுதான அவர் மேல செல்லாது? தனி கேஸுல நானே கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணி, கண்ணால பாத்ததச் சொன்னா?"

அரசு வக்கீல் நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

"தாராளமா செல்லும்மா. அந்தக் கேஸுல நீ குற்றவாளி இல்ல, சாட்சி."

வாசல் வரை போன இரண்டு ஜோடிக் கால்களும் நின்றன. வக்கீலம்மா திரும்பினாள். தனி விசாரணையைக் கேட்டு வாங்கியதே அவள்தான். முகம் வெளுத்துவிட்டது.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்த மட்டும் சீக்கிரம் வச்சுக்குங்க மேடம். அப்புறம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது!"