ஐந்து தட்டுகளும் ஒரு டம்ளரும்

வெற்றிச்செல்வி வீட்டில் ஐந்து எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. ஐந்திலும் அவள் பெயர்தான் வெட்டியிருக்கும். ஊரில் காணும் பொங்கலன்று நடக்கும் பேரிங் வண்டிப் பந்தயத்தில், இரண்டாம் வகுப்பிலிருந்து விடாமல் ஐந்து வருடம் முதலாவதாக வந்து வாங்கியவை.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் பட்டறைகளில் கழித்துப் போடும் பேரிங்குகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு பலகை, நான்கு பேரிங் சக்கரங்கள், திருப்புவதற்கு ஒரு கயிறு. அவ்வளவுதான் வண்டி.

ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். வெற்றியை ஐந்து வருடமாகத் தள்ளுவது பக்கத்து வீட்டு அறிவரசன். பரிசு ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். அது ஊர் வழக்கம்.

ஏழாம் வகுப்பு வரைதான் பந்தயத்தில் சேர்ப்பார்கள். இருவரும் இப்போது ஏழாம் வகுப்பு. ஆறாவது தட்டையும் வாங்கிவிட்டுத்தான் ஓய்வது என்று வெற்றி முடிவு செய்திருந்தாள்.

நூலகத்தில் ஒரு சிறுவர் இதழில் அமெரிக்கப் பந்தய வீரர் ஒருவரைப் பற்றி வந்திருந்தது. பார்ப்பதற்குச் சாதாரணக் கார் போலவே இருக்கும் பந்தயக் காரை முப்பது வருடம் ஓட்டியவர். ஏழு முறை சாம்பியன். வெற்றி அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தாள். அறிவு அடுத்த பக்கத்தைப் படித்தான். அதில், பந்தயத்தின் நடுவே கண்மூடித் திறப்பதற்குள் சக்கரம் மாற்றுகிறவர்களின் படம் இருந்தது.

வினை அங்கேதான் பிறந்தது.

மாட்டுப் பொங்கலன்று ஊரே மாடுகளைக் குளிப்பாட்டியது. 'மாட்டுக்கு மட்டுந்தானா?' என்று நினைத்த அறிவு, சக்கரங்களைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினான். கொத்தனாரான அவன் அப்பா அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளின் மேல் அவற்றைக் காய வைத்தான். அதில் ஒரு மூட்டை கிழிந்திருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மூன்று சக்கரங்கள் சுற்றின. நான்காவதற்குள் ஈரத்தில் சிமெண்ட் போய் இறுகியிருந்தது.

"வூட்டுக்கு அஸ்திவாரம் போடச் சொன்னா, சக்கரத்துக்குப் போட்டுட்டானே" என்று தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வெற்றிக்குச் சிரிப்பு வரவில்லை. "உன்னை யார்ரா கழுவச் சொன்னா?" என்று கத்தினாள். அறிவு அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தேடிப் போனபோது, அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் வீங்கியிருந்தது.

"நீ ஜெயிக்கணும்னுதான் செஞ்சேன்" என்றான். மூக்கை உறிஞ்சினான்.

வெற்றியின் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள்.

"ரெண்டாவது படிக்கிறப்ப நம்ம வண்டிக்கு எத்தனை சக்கரம்?"

"மூணு. முன்னால ஒண்ணுதான்."

"அந்த ஒத்தைச் சக்கர முன்கட்டை எங்க?"

அது வெற்றி வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டினார்கள். வண்டி ஓடியது. ஆனால் வெற்றி ஏறி உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டாம் வகுப்பு வெற்றி வேறு, ஏழாம் வகுப்பு வெற்றி வேறு.

அறிவு குச்சி போல இருப்பான்.

"நீ உட்காரு, நான் தள்றேன்" என்றாள் வெற்றி. சொல்லும்போது ஆறாவது தட்டு ஒருமுறை கண்ணில் மின்னிவிட்டுப் போனது. மனசு வலிக்கத்தான் செய்தது.

"அப்ப உன் பேரு?"

"ஏறுடா. விசில் ஊதப் போறாங்க."

ஒன்பது வண்டிகள் கிளம்பின. அறிவு முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தெற! கயித்தை இடப்பக்கம் இழு!"

"எது இடப்பக்கம்?"

"சோறு திங்காத கை!"

வெற்றி மூச்சிரைக்கத் தள்ளினாள். முன்னால் அறிவின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. சக்கரம் கிளப்பிய தூசியெல்லாம் அவள் வாயில்தான் விழுந்தது.

மூன்றாவதாக வந்தார்கள்.

"அஞ்சு வருஷமா இவ்வளவு தூசியாடா தின்ன?" என்றாள், துப்பிக்கொண்டே.

"பழகிப்போச்சு" என்றான் அறிவு. அவன் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

மூன்றாம் பரிசு ஒரு டம்ளர். பந்தயம் நடத்தும் தமிழரசன் அண்ணன், பெயர் வெட்டும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பேருடா வெட்டணும்?"

"அறிவரசன்னு போடுங்கண்ணே. கீழ, 'தள்ளியவர் வெற்றிச்செல்வி'ன்னு போடுங்க."

"இத்துனூண்டு டம்ளர்ல அவ்வளவுக்கு எடம் ஏதுடா?" என்று சொல்லிக்கொண்டே, எழுத்தை நுணுக்கி நுணுக்கி எப்படியோ வெட்டிக் கொடுத்தார்.

வெற்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவை அவசரப்படுத்தி, தட்டைக் கழுவி, மற்ற நான்கோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அண்ணே, இதுலயும் 'தள்ளியவர் அறிவரசன்'னு போடுங்க. அஞ்சுலயும்."

தமிழரசன் அண்ணன் முதல் தட்டைத் திருப்பிப் பார்த்தார். அவள் பெயருக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.