கூரைப் பலகையில் ஒரு துளை

வீட்டுக் கேமராவில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டிவிட ஆளில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்த கணவன் கீழே பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். குழந்தைதான் உள்ளே காலை உதைத்துக்கொள்கிறது என்று நினைத்து, அவள் போனைக் கவிழ்த்துவிட்டு லேபில் வேலையைப் பார்த்தாள்.

அவர்கள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த வாரமே பொய்க்கூரைப் பலகைக்கு மேலே ஏதோ ஒன்று அவசரமில்லாமல் இழுபட்டு இழுபட்டு நகரும் சத்தமும், ஈரமண்ணோடு நனைந்த சாக்கு மக்கியது போன்ற வாடையும் தொடங்கிவிட்டன. மழைக்குழாய் ஓரம் கிடந்த பாம்புச் சட்டையைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். "சாரைதான். எலியப் புடிச்சுத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடும்" என்று அவள் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறுகிற மனிதர். அவரைப் போய் நம்பினார்கள்.

டீ நேரத்தில் உள்ளூர்க்காரரான வாட்ச்மேனிடம் அந்தப் படத்தைச் சும்மா காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. சட்டை எவ்வளவு அகலம் என்று கேட்டார். ஒரு சாண் என்றாள். மலைப்பாம்பு என்றார். இங்கே கூரைக்குள் தங்குவதுண்டு, பலகையில் திறப்பு இல்லாதவரை வீட்டுக்குள் இறங்காது என்றார்.

திறப்பு இருந்தது. தூளி கட்ட விட்டம் வேண்டுமென்று அடம்பிடித்து, பலகையில் ஒரு துண்டை அறுத்தெடுக்க வைத்தவளே அவள்தான்.

போனில் கேமராவைத் திறந்தாள். தூளி ஆடவில்லை.

கணவனை அழைத்தாள். அவன் தலைமாட்டில் போன் ஒளிர்ந்தது படத்தில் தெரிந்தது. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று பகலில் சத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னதும் அவள்தான். மலிவான கேமரா, அதற்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. வீட்டுக்குப் போக ஒரு மணி நேரமாகும். பாம்பு பிடிப்பவர்கள் வர நாற்பது நிமிடமாவது ஆகும் என்று வாட்ச்மேன் சொன்னார். அக்கம்பக்கத்தில் யாருடைய எண்ணும் அவளிடம் இல்லை.

துளையிலிருந்து தூளிச் சேலையை ஒட்டியபடி, கறுப்பும் பழுப்புமாகத் தடித்த ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. தலை தெரியவில்லை. தலை எப்போதோ தூளிக்குள் போய்விட்டது.

"எந்திரிங்க" என்றாள் திரையைப் பார்த்து. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

போன் ஒளிர்ந்தது. அணைந்தது. மறுபடி அழைத்தாள். ஒளிர்ந்தது.

முழங்கால் உயரத்தில் கட்டிய தூளி. இப்போது அவ்வளவு உயரமில்லை. முடிச்சு நெகிழ்ந்தது. இன்னும் கொஞ்சம்.

கணவன் தூக்கத்தில் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால், தூளியின் அடி மெல்லத் தரையில் உட்கார்ந்தது.