சாயம் ஏறாத விரல்

வீறிட்டாள் றுமானா!

பல்கலைக்கழக ஆய்வுகூடத் தரையில் அவள் கணவன் ஜவுபர். மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் உலைக் குறடு... இரத்தத்தோடு!

மேசையில், நேற்றிரவு ஜவுபர் சுட்டெடுத்த ஒரேயொரு கண்ணாடித் தகடு. அதன்மேல் வெள்ளையாக டைட்டானியம் ஒக்சைட் பூச்சு. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். உலையில் சுட்டு, மருதோன்றிச் சாயத்தில் ஊறவைத்தால் வெயிலில் மின்சாரம் தரும். சுனாமி வீட்டுத்திட்டத்துக்கு மலிவு வெளிச்சம் என்று கணவனும் மனைவியும் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை.

ஒருவன் நிஜமாகவே கொடுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் ஹஸன் அதிகம் யோசிக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளன் கிசோக்கை ஜீப்பில் ஏற்றிவிட்டார். பாண்டிருப்புப் பையன். யுத்தம் முடிந்த கையோடு ஒரு தமிழ்ப் பையனை உள்ளே தள்ளக் காரணமா வேண்டும்?

"சேர், கிசோக் செய்யல்ல!"

"அப்ப ஆரு மிஸ்?"

றுமானா தன் காக்காவை, கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்தாள். மீராசா. இதே துறை விரிவுரையாளன். ஜவுபரின் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பியவன். நேற்றுத்தான் அது ஜவுபருக்குத் தெரிந்தது. கொதித்துப் போனான்.

"விடு தங்கச்சி, மையித்த அடக்கிற வேலயப் பாப்பம்" என்றான் மீராசா. "நான் இந்தப் பக்கம் வந்தே ஒரு கிழம."

றுமானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தகட்டை எடுத்துச் சாயத்தில் போட்டாள்.

"என்ன செய்றீங்க மிஸ்?"

"விரல் எண்ணெ பட்ட இடத்தில சாயம் ஏறாது சேர். கொல செஞ்சவன் இதத் தொட்டிருந்தா..."

காத்திருந்தார்கள். மீராசா எட்டிப் பார்த்தான்.

இடுக்கியால் வெளியே எடுத்தாள். தகடு முழுக்கச் செம்மஞ்சள். ஓரத்தில் மட்டும் வெள்ளையாக... ஒரு பெருவிரல்!

"காக்கா, இது உங்கட விரல்!"

"பைத்தியமா ஒனக்கு?" மீராசா சீறினான். "சுட்ட தகட்ட வெறுங்கையால தொட நான் என்ன முதலாம் வருஷப் பொடியனா? கிளவுஸ் போட்டுத்தான் எடுத்துப் பாத்தன்!"



"ஒரு கிழமையா வரல்லயெண்டீங்க?" ஹஸனின் கை விலங்கைத் தேடியது.

றுமானா ஹஸனின் பக்கம் திரும்பினாள்.

"கிசோக்க இறக்கி விடுங்க சேர்."

"அப்ப இந்த விரல் அடையாளம்?"

"என்டதான். சாயத்தில போடக்குள்ள வெச்சன்."

"தங்கச்சி! நான் ஒன்ட கூடப்பிறந்தவன்!"

"அவர் என்ட புருசன்." றுமானாவின் குரல் கசந்தது. "கைய நீட்டுங்க காக்கா. இதுக்குக் கிளவுஸ் தேவல்ல!"