வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

ஏழு பேரும் பதில் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டது யார் என்பதுதான் இல்லை.

எதில்மா கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். உள்ளேன், உள்ளேன், உள்ளேன் என்று ஏழு வரி. நேற்று வியாழக்கிழமை மூன்று மணிக்கு மன்றக் கூடத்தில் எழுந்து நின்று ஏழு மாண்புமிகு உறுப்பினர்களின் பெயரையும் செயலாளரான அவள்தான் வாசித்தாள். தகரக் கூரைமேல் மழை கொட்டியதால் இரண்டு பெயரை இரண்டாம் தடவை கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. பதிவில் அந்த மழை இருந்தது. தலைவர் அர்னுல்ஃபோவின் இருமல் இருந்தது. காப்பிக் கோப்பை தட்டில் உரசியது, யாரோ நனைந்த கம்பளிப் போர்வையை உதறியது, எல்லாமே அடைப்புக்குறிக்குள் ஒழுங்காக இருந்தன. அவள் குரல் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு வரி: 'செயலாளர்: வரவில்லை.'

புதுச் சாமான் என்றால் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சான் எமிக்தியோ நகர மன்றத்துக்கு அந்தச் செயலி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேயர் ரிப்பன் வெட்டினார். பாதிரியார் ஒலிவாங்கிகளுக்குப் புனித நீர் தெளித்தார், அதில் ஒன்று அன்றைக்கே செத்துப்போனது. தலைநகரிலிருந்து அதைக் கொண்டுவந்த இளைஞன் டை கட்டியிருந்தான். அந்த ஊரில் டை கட்டியவர்கள் அத்தனை பேரும் டாக்டர்தான், மாட்டுத் தீவனம் விற்கும் அர்னுல்ஃபோ உட்பட. எனவே அவனும் டாக்டர். அவன் ஊருக்குப் போனதும் பட்டம் வீணாகக் கூடாது என்று செயலிக்குச் சூட்டிவிட்டார்கள். டாக்டர் கூட்டத்தைக் கேட்கும். யார் குரல் எது என்று பிரித்துக் கூட்டக் குறிப்பை எழுதும். அடுத்த கூட்டத்தில் மன்றம் ஒப்புக்கொண்டு, தலைவர் திரையில் விரலை வைத்தால் குறிப்பு பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது என்று அந்த இளைஞன் பெருமையாகச் சொன்னபோது பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

எதில்மா தன் பெயரைத் தானே தட்டச்சு செய்தாள். 'செயலாளர்: உள்ளேன்.' சேமித்தாள். திங்கட்கிழமை திறந்தபோது 'வரவில்லை' என்றே இருந்தது. மறுபடி தட்டினாள். இந்த முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்கின, யாரோ பொறுமையாக அழிப்பதுபோல. உறுப்பினர் எவராவது கூட்டத்தில் எழுந்து திருத்தம் சொன்னால் ஒழிய மாற்ற வழியில்லை என்று டாக்டர் பணிவாக அறிவித்தது.

வியாழக்கிழமை கூட்டம் தொடங்கும் முன் தலைவரிடம் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்க வந்தது எனக்குத் தெரியாதா, செயலாளரம்மா? இதையெல்லாம் வாசிக்க ஆரம்பிச்சா விடிஞ்சிடும். ஃபெர்னெய்க்கு மாடு கறக்கணும்."

கூட்டத்தின் முதல் வேலையே போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புக்கொள்வதுதான். பத்தொன்பது வருஷத்தில் அதை யாரும் வாசித்ததில்லை. மாண்புமிகு ஃபெர்னெய் கையைத் தூக்கி, "வாசித்ததாகக் கொள்ளலாம்னு முன்மொழியறேன்" என்பார். இரண்டு தேர்தல் ஜெயித்து வந்து அவர் மக்களுக்குச் செய்த சேவை அந்த ஒரு வாக்கியம். ஏழு கை எழும். எதில்மாவுக்கும் இத்தனை வருஷமாக அந்த வாக்கியத்தின்மேல் ஒரு பாசம் உண்டு. அது இருந்ததால்தான் அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தாள்.

அன்றும் ஏழு கை எழுந்தன. தலைவர் கட்டைவிரலை வைத்தார். சின்னதாக ஒரு கிளிக்.

அரை மணி கழித்துக் காப்பித் தட்டோடு ரொசால்பா வந்தாள். ஏழு கோப்பை.

ஒருநாளும் ரொசால்பா எண்ணிக்கை தவறியவள் இல்லை. தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் எதில்மாவைப் பார்த்து, எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல ஒரு கணம் தயங்கிவிட்டு, "அட, உங்களை மறந்தே போயிட்டேன் தோன்யா" என்று வழக்கமான மரியாதைச் சொல்லோடு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க இப்படியேதான். வாசல் காவலாளி அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். ரொட்டிக் கடையில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிப் போனபின்னும் அவள் நின்றுகொண்டிருந்தாள். பகல் பன்னிரண்டுக்கே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிச் சதுக்கத்தை மூடியது. அதற்குள்ளிருந்து வந்தவர்கள் அவளை விலகிப் போகவில்லை, நேராக வந்து மோதிவிட்டு, கல் தடுக்கியதுபோலக் காலைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை புதுக் குறிப்பைத் திறந்தாள். போன முறை அவள் வரவில்லை என்று மட்டும் சொன்ன டாக்டர், இந்த முறை மிச்சம் வைக்கவில்லை. 'செயலாளர் பதவி: காலி.'

மூன்றாவது வியாழக்கிழமை அவள் காத்திருக்கவில்லை. ஃபெர்னெய் கை தூக்குவதற்குள் எழுந்து, பதவி காலி இல்லை, தயவுசெய்து வாசியுங்கள், ஒரே ஒரு பக்கம்தான் என்று கூடத்தின் நடுவுக்கே போய்ச் சொன்னாள். ஃபெர்னெய் காதருகே கொசு விரட்டுவதுபோல விரலை ஆட்டினார். பிறகு அதே விரலை மேலே தூக்கினார்.

கிளிக்.

அடுத்த நிமிஷமே காலியான பதவிக்கு யாரைப் போடலாம் என்று பேச்சு கிளம்பியது. ஒருவருக்குக் கொழுந்தியாள் இருந்தாள், இன்னொருவருக்கு அண்ணன் மகள். எதில்மா அவர்கள் நடுவில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதவி காலி என்றால் ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று என்பதுபோலத் தலைவர் குரலைத் தாழ்த்தி, பாவம், நல்ல அம்மா, பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிழை எழுதியதில்லை, ஒரு இரங்கல் தீர்மானம் போட்டுவிடுவோம் என்றார். எல்லாரும் சரி சரி என்றார்கள். மகளை வரவழைத்துக் கையெழுத்துப் போட்ட பட்டயம் ஒன்று கொடுக்கலாம் என்றும், அதைச் சுற்றிய சட்டம் தங்க நிறத்திலா வெள்ளி நிறத்திலா என்றும் இருபது நிமிஷம் விவாதம் நடந்தது. தங்கம் நாலுக்கு மூன்று ஓட்டில் ஜெயித்தது.

மகள். லெய்தி, மனிசாலெஸில் நர்ஸுக்குப் படிக்கிறாள், தினமும் சாயங்காலம் ஆறுக்குக் கூப்பிடுவாள். அன்று எதில்மா ஐந்தரைக்கே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வெல்லத் தண்ணீர் பொங்கித் தீய்ந்த வாடை வீடு முழுக்கச் சுற்றியது. எழுந்து அணைக்கவில்லை. மணி அடித்தது.

"அம்மா?" என்றாள் லெய்தி. "அம்மா, கேக்குதா? பேசும்மா."

எதில்மா பேசினாள். கத்தினாள். அழுதாள்.

"லைன்ல ஒண்ணுமே இல்ல," என்று யாரிடமோ மகள் சொல்வது கேட்டது. "மழை சத்தம் மட்டும்தான் வருது."

மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை.

கையால் எழுதிய பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் மன்றப் பரணில் கிடந்தன. வெள்ளிக்கிழமை அதில் ஒன்றை இறக்கிக் காலிப் பக்கத்தில் மையால் எழுதினாள்: எதில்மா, உயிரோடு இருக்கிறேன். மையைத் தாள் உறிஞ்சிக்கொண்டது. வெள்ளையாகவே இருந்தது. ஆத்திரத்தில் பக்கங்களைப் புரட்டியபோது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை வந்து நின்றது. அவள் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அழகாக. அன்றைக்குச் செலிமோ என்ற குடியானவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று, என் வீட்டுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது, விரிசலில் கை நுழைகிறது, வந்து பாருங்கள் என்று பத்து நிமிஷம் மன்றாடினார். தலைவர், "இது பதிவுல வேண்டாம், செயலாளரம்மா" என்றார். அவள் பேனாவை மூடினாள். அடுத்த மாதம் மலை சரிந்து செலிமோவை மூடியது. செலிமோவின் மனைவி சேறு அப்பிய காலோடு வந்து, என் புருஷன் இங்கே வந்து சொன்னாரே என்றபோது, எதில்மா இதே புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணிடம் அப்போது தான் சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. குறிப்பில் இல்லாதது நடக்காதது, அம்மா.

பின்னால் மன்றம் மனமிரங்கி அந்தப் பெண்ணுக்குக் காப்பி போடும் வேலை கொடுத்தது.

ரொசால்பா சமையலறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதில்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரொசால்பா துணியைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் திரும்பினாள். கண் சரியாக எதில்மாவின் முகத்தில் நிற்கவில்லை, காதுக்குப் பக்கத்தில் நின்றது. ஆனால் காது கொடுத்துக் கேட்டாள். அந்தக் கூடத்தில் எழுதப்படாத குரல்களைக் கேட்டுப் பழகியவள் அவள் ஒருத்திதான்.

"ரொம்பத் தூரத்துல பேசற மாதிரி இருக்கு தோன்யா."

எதில்மா கெஞ்சினாள். வியாழக்கிழமை ஒப்புதலுக்கு வரும் குறிப்பில் அவள் செத்துவிட்டதாக இருக்கிறது. அதைப் பூட்டுவதற்குள் யாராவது வாய் திறந்து, இல்லை, இவள் இங்கேதான் இருக்கிறாள் என்று சொன்னால் போதும், உறுப்பினர் ஒருவராவது திருத்தம் கேட்பார். ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு தடவை.

ரொசால்பா துணியை எடுத்துக் கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "செலிமோவும் சொன்னாரு."

வியாழக்கிழமை. மூன்று மணி. பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது, விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வட்டங்கள். ஈரக் கம்பளி வாடை. மல்லிகையும் மெழுகும் கலந்த இன்னொரு வாடை. யாரோ மலர்வளையம் கொண்டுவந்திருந்தார்கள். முதல் வரிசையில் லெய்தி. கறுப்பு உடை. மூக்கு சிவந்திருந்தது. எதில்மா அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். லெய்தி குளிரில் நடுங்கிக் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஃபெர்னெய் கை தூக்கினார்.

"வாசித்ததாகக் கொள்ளலாம்னு..."

"செயலாளரம்மா இங்கதான் இருக்காங்க."

ரொசால்பா. வாசலில். கையில் காப்பித் தட்டு. "மக பக்கத்துல மண்டி போட்டுட்டு இருக்காங்க. சாகல. அந்தக் குறிப்பை வாசிச்சுப் பாருங்க, தலைவரே. ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க."

சுவர்த் திரையில் அந்த வார்த்தைகள் விழுந்தன. ஒவ்வொன்றாக. 'இங்கதான் இருக்காங்க.' எதில்மாவுக்கு மூச்சு வந்தது. மூன்று வாரத்தில் முதல் மூச்சு. லெய்தி தலையைத் தூக்கினாள். பக்கத்தில் பார்த்தாள். எதில்மாவின் கண்ணுக்குள்ளேயே பார்த்ததுபோல இருந்தது.

தலைவர் எழுந்தார். மிகவும் கனிவாக இருந்தார்.

"துக்கம் எல்லாருக்கும்தான் இருக்கு, ரொசால்பா. ஆனா பார்வையாளருக்கு இங்க பேச அனுமதி இல்ல. உனக்கே தெரியும்." டாக்டர் பக்கம் திரும்பினார். "இது பதிவுல வேண்டாம்."

எழுத்துகள் பின்வாங்கின. கடைசியிலிருந்து. பொறுமையாக.

ஏழு கை. கட்டைவிரல்.

கிளிக்.

எதில்மா வாசலைப் பார்த்தாள். ரொசால்பா இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பக்கத்து இடம். வெறும் தரை. அவள் முகத்தில் ஏதோ அணைந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். உள்ளே போனாள்.

"மறைந்த செயலாளருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி," என்றார் தலைவர்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஏழு தலை குனிந்தன. லெய்தி எழுந்து நின்றாள், தங்கச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

எதில்மா கத்தினாள். தலைவரின் காதில். ஃபெர்னெயின் காதில். மகளின் பெயரை. மகளின் பெயரை மட்டும். திரும்பத் திரும்ப. தொண்டையில் ரத்தச் சுவை வரும்வரை.

திரையில் ஒரு வரி எழுந்தது.

'மௌனம். கூடத்தில் சத்தம் எதுவும் இல்லை.'

ரொசால்பா தட்டோடு திரும்பி வந்தாள். ஏழு கோப்பை காப்பி. அதோடு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், விளிம்புவரை. அதைச் செயலாளர் மேஜைமேல் வைத்தாள். ஓசை வராமல். செத்தவர்களுக்கு ஒன்பது நாளும் வீட்டில் வைப்பார்களே, ஆத்மா வந்து குடிக்கட்டும் என்று, அதுபோல.

எதில்மா டம்ளரைப் பார்த்தாள். குடிக்கக் கூடாது. தெரியும். குடித்தால் அவ்வளவுதான்.

தொண்டை எரிந்தது.

ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. குனிந்த தலைகளுக்கு நடுவே லெய்தி மட்டும் நிமிர்ந்திருந்தாள். கண்ணீர் வழியும் கண்ணை அகலத் திறந்து, அம்மாவின் மேஜைமேல் இருந்த அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, இறங்கிக்கொண்டிருந்தது.