மணலுக்கு மேலே இருபது

"எங்க தங்கச்சி பேரை வெட்டிருங்க, சேர்."

எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தது இதைத்தான். தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலை போகும். பின்னாலேயே தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கும் கேள்வி வரும். வரட்டும். தங்கை லோஜினிக்கு ஆசிரியையாகப் படிக்கக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தரை துடைத்தது போதும். இன்று அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவது என்று சுதர்ஷினி ஹட்டன் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

விடுதியாக மாறியிருந்த பழைய துரை பங்களாவின் மேலாளர் றோலண்ட், கூடத்திலிருந்த கடல்மீன் தொட்டியைக் காட்டினார். "மொதல்ல இதப் பாரும்மா. நீ பொறுக்கிக் குடுத்த நத்தைங்கதானே."

போன வியாழன் அவள்தான் தெரிவு செய்தாள். விலங்கியல் பட்டத்துக்கு இந்த மலையில் கிடைத்த ஒரே வேலை. பெரிய பாசி நத்தை பவளத்தை இடித்துத் தள்ளும். சங்கு நத்தைக்கு இந்த மணல் காணாது, பட்டினியில் சாகும். ஆகவே நசாரியஸ் நத்தை, இருபது. மணலுக்குள் புதைந்து அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். செத்த இறைச்சியின் வாடை பட்டால்தான் தும்பிக்கை போன்ற குழலை நீட்டி மேலே வரும். உயிருள்ளதைத் தொடாது.

இருபதும் மேலே நின்றன.

"திங்கக்கெழமலேருந்து இப்பிடித்தான். காலப் பெரட்டுல பேர் குடுக்க வரிசையா நிக்கிற மாதிரி" என்று றோலண்ட் சிரித்தார்.

பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடிகளை அடைத்திருக்க, பம்பின் ஓயாத முனகலுக்கும் ஈரக் கம்பளத்தின் நாற்றத்துக்கும் நடுவே குனிந்து அவள் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் சாகவில்லை. குழல்களைப் பார்த்தாள். அத்தனையும் ஒரே பக்கம் நீண்டிருந்தன. சமைக்கும் குசினிப் பக்கம்.

"பேரக் கேட்டியே. அது திங்கக்கெழமயே வெட்டியாச்சு."

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"கேக்கணுமா? வேலைக்கு வராட்டி வெட்டுவோம். ஓடிப்போனா வெட்டுவோம்."

மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அப்பாவின் பேரை அதற்காகத்தான் வெட்டினார்கள். அப்பா அப்போது சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

குழல்கள் அசைந்தன. மெதுவாக. எல்லாம் சேர்ந்து. நடந்து வருகிற யாரையோ பார்ப்பதுபோல் திரும்பின.

"கெம்பஸ் படிச்ச மேடம் வந்துட்டாங்க போல." வாளியும் துணியுமாக லோஜினி நின்றாள். அதே கேலி. அதே குரல். "என்னக்கா முறைக்கிற? பாணுக்குச் சம்பல் வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ."

"லோஜி, தண்ணியில கைய வைக்காத."

"பாசி புடிச்சிருக்குக்கா."

கை உள்ளே போனது. முழங்கை வரை.

நத்தைகள் ஓடின. நத்தை அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. விரலில் ஏறின. மணிக்கட்டில் ஏறின. தின்றன. இரத்தம் வரவில்லை. லோஜினி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சம்பலுக்கு உறைப்புக் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

றோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுதர்ஷினி அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். குளிர். ஊறிய பாண் மாதிரி மெது.

"வா. வீட்டுக்குப் போவோம்."

"பேர் வெட்டிட்டாங்கக்கா."

"தெரியும். வா."

வாசலைத் தாண்டி மூட்டத்துக்குள் இறங்கினாள். தங்கையின் உள்ளங்கைக்கும் அவளுடையதற்கும் நடுவே நத்தைகள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. பிடியை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.