தீட்டுக் கழிந்த மாலை

மதிற்சுவரின்மேல் வாழையிலையில் வைத்த சோற்றைக் காகங்கள் தொடவில்லை. அவை வராமலில்லை, வந்து, கிணற்றடி முருங்கையிலும் ஓட்டு விளிம்பிலும் ஈரச் சிறகை ஒடுக்கி அமர்ந்து, நெய் மணக்கும் அந்தச் சோற்றைத் தலைசாய்த்துப் பார்த்தபடியிருந்தன. அரசலாற்றங்கரையில் தாய்க்குக் கருமாதி முடித்து வந்திருந்த சண்முகசுந்தரம், ஈர வேட்டியோடு நின்று, குரல் கம்மும்வரை அவற்றை அழைத்தான்.

"அத்தைக்குக் கோவம் போல. வடையில உப்பு கம்மின்னு வாசத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க," என்றாள் அவன் மனைவி அல்லி.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரேன்."

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மதிலையே பார்த்திருந்தாள். "நானும் எத்தனையோ கருமாதி பாத்துட்டேன், தம்பி. உசுரோட இருக்குறவளுக்குப் படைச்ச மாதிரில்ல முழிக்குதுங்க."

அவர்களுக்குப் பின்னே நின்றிருந்தாள் சண்முகசுந்தரத்தின் தங்கை கல்யாணசுந்தரி. தன் தாயின் உடலில் எவ்வளவு தீயில் வேகாமல் எஞ்சியிருக்கிறது என்பதை அந்த வீட்டில் அறிந்தவள் அவள் ஒருத்தியே.

கோவில்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய ஆய்வு நிலையத்தில் அவள் உதவியாளராகப் பணிபுரிந்தாள். அங்கே டாக்டர் சோமசேகரன் முதுமையை ஆராய்ந்தார். மனிதத் தோலின் உயிரணுக்கள் உடலைவிட்டுப் பிரிந்த பின்னும், ஏற்ற உணவும் உடற்சூடும் கிடைத்தால், கண்ணாடிக் குடுவைக்குள் உயிர்வாழும். ஏறக்குறைய ஐம்பது முறை இரண்டிரண்டாகப் பிரியும். பின்னர் மூப்புற்று ஓய்ந்துவிடும். ஏன் ஓய்கின்றன என்பதே அவருடைய கேள்வி. தோலைத் தர ஊர் முதியோர் அஞ்சியபோது, கல்யாணசுந்தரி தன் தாய் பெரியநாயகியையே அழைத்துச் சென்றாள். முழங்கைக்கு மேலே, அரிசியளவு.

"வெட்டுனத திருப்பிக் குடுத்துடுவீங்கல்லடி? கொறை ஒடம்போட என்னை எரிச்சிடாதீங்க," என்றாள் தாய், வலியிலும் விடாமல்.

"நீ போறப்ப உன்கூடயே அனுப்பிடறேம்மா. போதுமா?"

அனுப்பவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாடை எடுக்கும் வேளையில் அண்ணனிடம் குடுவைகளைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அதன்பின் தீட்டு. கருமாதி முடியும்வரை வாசற்படி தாண்டலாகாது. டாக்டரோ சென்னைக்குப் போயிருந்தார். இரண்டு நாளுக்கொருமுறை, வெப்பப் பெட்டிக்குள் அந்தத் தோல் வளரும் குடுவைகளுக்கு உணவுநீர் மாற்ற அவளன்றி வேறு ஆளில்லை. பட்டினி கிடந்து அவை தாமே மடியும், அம்மா முழுவதுமாகப் போய்ச் சேருவாள் என்று எண்ணியே அவள் அந்த நாட்களில் உறங்கினாள்.

காகம் தொடாத சோறு மழையில் கரைந்தது. தலைமுழுகிவிட்டு, அந்தி சாயும் முன்பே குடையோடு புறப்பட்டாள். செத்திருந்தால் எடுத்துவந்து ஆற்றில் கரைத்துவிடலாம். செத்திருக்கவேண்டும்.

எண்பத்து நான்காம் ஆண்டின் கார்த்திகைப் புயல் கடந்து போயிருந்தது. சாய்ந்த மின்கம்பங்களை இன்னும் நிமிர்த்தவில்லை. முறிந்த வேம்பின் கசப்பு நெடியும், வயலில் அழுகும் பயிரின் புளிப்பும், கிழக்கிலிருந்து வந்த உப்புக்காற்றும் கலந்து சாலையெங்கும் கனத்திருந்தன. ஆய்வு நிலையத்தின் வாசலில் காவற்காரர் மருதையன் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. காரியமெல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா?"

"ஆச்சு. கரண்டு இல்லியா?"

"புயலோட போனதுதான். ஆனா அந்தப் பெட்டி மட்டும் ஆறவே இல்லீங்க. தொட்டுப் பாத்தேன், காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது. நம்ம பூனை மொதல்ல சொகமா அதுமேல படுத்துக்கிடந்துச்சு. இப்ப அந்த அறைப் பக்கமே போவ மாட்டேங்குது."

"நீங்க உள்ள வாங்களேன்."

"பூனைக்கு இருக்குற புத்தி எனக்கும் இருக்குங்கம்மா," என்று சிரித்தார், எழுந்திருக்கவில்லை.

அவள் லாந்தரை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். நடையில் ஸ்பிரிட்டின் கூர்மையான மணம் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு மணம் இருந்தது. காய்ச்சலில் கிடந்த நாட்களில், அம்மாவின் கழுத்தோரம் முகம் புதைத்தபோது வீசிய, வியர்வையும் சீயக்காயும் சேர்ந்த வெதுவெதுப்பான மணம். ஈரப் புடவை காலில் ஒட்டியது. மூலையில் வெப்பப் பெட்டி. மின்கம்பியின் முனை சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சூடு.

கதவைத் திறந்தாள். நான்கு குடுவைகள். உணவுநீர் ஒரு துளியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத படலமாக அடியில் ஒட்டியிருக்கவேண்டியது, குடுவையின் நான்கு புறமும் நிறைத்து, கண்ணாடியோடு அழுந்தி நின்றது. சுருக்கம் விழுந்த, மாநிறத் தோல். அதன்மேல் மெல்லிய நரைமயிர்.

திறந்த கதவின் வழியே மழைக்காற்று உள்ளே புகுந்தது. தோல் சிலிர்த்தது.

நான்கிலும், ஒரே கணத்தில், மயிர்க்கால்கள் புள்ளிபுள்ளியாக எழுந்தன. குளிர்கிறது. அம்மாவுக்குக் குளிர்கிறது.

அவள் கதவை மூடினாள். நின்றாள். ஓடிவிடலாம். ஓடினால் டாக்டர் வருவார், வெட்டுவார், நான்கு நாற்பதாகும். அம்மா ஒருநாளும் போய்ச்சேர மாட்டாள். தான் கொடுத்த வாக்கு. அதை இப்போதாவது.

வேண்டாத குடுவைகளைக் கொதிநீரில் இட்டு அழிப்பது அங்கே வழக்கம். ஸ்டவ்வைப் பம்பு அடித்து மூட்டினாள். பாத்திரத்தில் நீர் சலசலத்து, குமிழியிட்டு, தளதளவெனக் கொதிக்கும்வரை பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு குடுவையை எடுத்தாள். அது கைக்குள் ஒரு கை போல் இருந்தது.

"மன்னிச்சிடும்மா. ஒரு நிமிஷம்தான்."

மூடியைத் திறந்து நீருக்குள் அமிழ்த்தினாள்.

சத்தம் எதுவும் இல்லை. வாயில்லாத ஒன்று எப்படிக் கத்தும்? பின்னால், பெட்டிக்குள், கண்ணாடியோடு கண்ணாடி மோதும் ஒலி. டிக். டிக். லாந்தரைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். எஞ்சிய மூன்றும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவள் தொடவில்லை. நீரும் தொடவில்லை. மூன்றிலும் தோல் சிவந்து, உப்பி, கொப்புளம் கொப்புளமாக வெந்துகொண்டிருந்தது.

ஒரே உடம்பு.

குறடு எங்கே? பாய்ந்து திரும்பினாள். குறட்டால் கவ்வி, கொதிநீரிலிருந்து குடுவையைத் தூக்கினாள். நழுவியது. மீண்டும் விழுந்தது. அடுப்பை அணைத்தாள். நீர் கொதிப்பை நிறுத்தவில்லை. அந்தச் சூடு அடுப்பினுடையது அன்று.

குனிந்து பார்த்தாள். வெந்த தோல் உரிந்து, வெண்ணிறச் சவ்வாக மேலே மிதந்தது. அதற்கடியில் புதுத்தோல், அதே கையினுடையது, ஆனால் சுருக்கமற்று, நரையற்று, நடுவயதுக்காரியினுடையதாக. அதுவும் கொப்பளித்தது. உரிந்தது. அதற்கடியில் குமரியின் தோல், மினுமினுப்பாக. வெந்தது. உரிந்தது. இப்போது இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல்; மென்மயிர்கூட முளைக்காத அந்தத் தோல், கொதிக்கும் நீருக்குள், வேகவேகப் புதிதாக வளர்ந்து, வளர்ந்தவுடன் வெந்துகொண்டேயிருந்தது.